வெள்ளிக்கிழமைப் பால்

திங்கள் முதல் வியாழன் வரை ஒரு துளியும் கெடாத சோயாப் பால், வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் கிடாரத்துக்குள்ளேயே திரிந்துபோனது. இது மூன்றாவது வெள்ளி.

யோகராஜா நீண்ட அகப்பையால் நுரையை ஒதுக்கிப் பார்த்தார். கீழே பால் வெள்ளைத் துணி விரித்ததுபோல ஒரே சீராகக் கிடந்திருக்க வேண்டும். அங்கே கிடந்தவை குறுணி குறுணியான கட்டிகள். இடையில் மங்கலான மஞ்சள் தண்ணீர் தெரிந்தது. அகப்பையைச் சாய்த்தபோது தண்ணீர் முதலில் ஓடியது, கட்டிகள் பின்னால் வழுக்கின.

"போச்சு," என்றார்.

நேரம் காலை ஐந்தே முக்கால். லண்டன் பார்க் ரோயல் தொழிற்பேட்டையின் பின்வரிசையில் அந்தப் பட்டறையின் இரும்புக் கதவு பாதி திறந்திருந்தது. வெளியே டிசம்பர் மாதத்து இருட்டில் ரதீசன் வான் வண்டியின் கண்ணாடியிலிருந்து பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பால் தகரங்களை ஏற்றத் தயாராக வந்தவன், யோகராஜா அண்ணையின் முகத்தைப் பார்த்ததும் சுரண்டியைக் கீழே வைத்தான்.

"திரும்பவுமோ?"

"ஓம்."

"அண்ணை, சொல்லுறன் எண்டு கோவிக்காதையுங்கோ. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போற ஆக்கள், விடியக் காலமை சீனன்ர பால் காய்ச்சினா அம்மன் சும்மா பாத்துக்கொண்டு இருப்பாவோ?"

"அம்மனுக்குப் பால் எண்டா பால்தான். நீ வந்து கிடாரத்தைச் சாய்."

ரதீசன் பாரிசில் பன்னிரண்டு வருடம் உணவகங்களில் வேலை செய்துவிட்டு ஹவுன்ஸ்லோவுக்கு வந்தவன். வயது முப்பத்தெட்டு. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் எட்டு மணிக்கு என்று சொன்னால் ஏழே முக்காலுக்கு வான் வாசலில் நிற்கும். கிடாரத்தைச் சாய்க்கும்போது கட்டிகள் வடிகானில் அடைக்காதபடி வலை பிடித்தாள் சிவமலர். யோகராஜாவின் மனைவி. வீணாய்ப் போகும் எதையும் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாது.

சோயாப் பால் செய்வது கடினமான வேலை இல்லை, ஆனால் ஒவ்வொரு படியும் அடுத்த படியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வேலை. முதலில் சோயா அவரையை ஊறவைக்க வேண்டும். ஊறிய அவரையை மூன்று தண்ணீரில் கழுவி, புதுத் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டும். அரைத்ததைத் துணியில் பிழிந்தால் பால் ஒரு பக்கம், சக்கை மறுபக்கம். பிறகுதான் நெருப்பு. சூடு எண்பது பாகை தாண்டும்போது பால் திடீரென்று பொங்கி எழும். புதிதாய் வந்தவன் கொதித்துவிட்டது என்று அடுப்பை அணைப்பான். அது கொதி இல்லை, நுரையின் ஏமாற்று. நுரையை அடக்கி, இன்னும் பத்து நிமிடம் உண்மையாய்க் கொதிக்க விட்டால்தான் பச்சை வாடையும் வயிற்றைப் பிரட்டும் குணமும் போகும். அதற்குப் பிறகு அதைக் குடிக்கலாம். ஜிப்சம் தூள் கரைத்த பாத்திரத்தில் ஒரே ஊற்றாக ஊற்றி, கை படாமல் கால் மணி நேரம் விட்டால், கரண்டி வைத்தால் நடுங்குகிற மெல்லிய டோஃபு உறையும். ஊரில் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிக்கும் இனிப்பை நினைத்து ரதீசன் அதற்கு வைத்த பெயர் சீன வட்டிலப்பம். கட்டியை உடைத்துப் பெட்டியில் அழுத்தினால் கடையில் விற்கும் சதுர டோஃபு.

இந்தப் பட்டறையை முப்பது வருடம் நடத்தியவர் லாவ் என்ற ஹொங்கொங்காரர். யோகராஜா இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு வாளி கழுவ வந்தவர். வாளியிலிருந்து அரைப்புக்கு, அரைப்பிலிருந்து கிடாரத்துக்கு என்று நகர்ந்து, கடைசிப் பத்து வருடம் டோஃபு உறையவைக்கும் கை அவருடையதாகவே இருந்தது. சென்ற சித்திரையில் லாவ் மகளோடு இருக்க மான்செஸ்டருக்குப் போனபோது பட்டறைக் கதவின் திறப்பை அவரிடம் கொடுத்தார். ஹீத்ரோவில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த சிவமலர் அந்த வேலையை விட்டுவிட்டு இங்கே வந்தாள்.

கை மாறியது தெரிந்ததும் சில சீனக் கடைகள் விலகின. மற்றவை பொறுத்துப் பார்த்தன. பொறுத்துப் பார்த்தவை எல்லாம் ஒருவரையே பார்த்துக்கொண்டிருந்தன, கொலிண்டேலில் காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மிசிஸ் ஷென்னை. அவர் முதல் நாள் வந்து, ஒரு கோப்பைப் பாலை நின்றபடியே குடித்து, "கை அதே கை," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மூன்று சொல் இல்லாவிட்டால் சித்திரையிலேயே கதவைச் சாத்தியிருக்க வேண்டும்.

அந்த மிசிஸ் ஷென்னுக்குத்தான் வெள்ளிக்கிழமைப் பால் மிக முக்கியம். வெள்ளிதோறும் ஒரு தேவாலய மண்டபத்தில் அறுபது சீன முதியவர்கள் கூடுவார்கள். சுடச்சுடச் சோயாப் பால், எண்ணெயில் பொரித்த முழ நீளப் பலகாரம், மெல்லிய டோஃபு. இதுதான் அவர்கள் ஊர்களில் விடியற்காலைச் சாப்பாடு. மூன்று வெள்ளியாக அவர்களுக்குக் கிடைத்தது கடையில் வாங்கிய பெட்டிப் பால்.

அன்று ஆறரை மணிக்கு அவரே வந்துவிட்டார். அறுபத்தைந்து வயது, மெல்லிய உடம்பு, பஞ்சுவைத்த நீலக் கோட்டு. அவரோடு எல்லோரும் பேசியது ஆங்கிலம்தான். யாழ்ப்பாணத்து ஆங்கிலமும் பாரிஸ் வழியாக வந்த ஆங்கிலமும் சீனத்து ஆங்கிலமும் ஒன்றையொன்று பழகிவிட்டிருந்தன.

மிசிஸ் ஷென் வலையில் தங்கிய கட்டியை விரலால் எடுத்து நாக்கில் வைத்தார்.

"யார் வினாகிரி விட்டது?" என்று கேட்டார்.

"ஒருவரும் விடவில்லை."

"எங்கள் ஊர் நிங்போவில் உப்புப் பால் என்று ஒன்று உண்டு. கோப்பையில் புளிப்புக்கு வினாகிரி, சோயா சோஸ், காய்ந்த இறால், வெங்காயத்தாள். அதன்மேல் கொதிக்கும் பாலை ஊற்றுவோம். இப்படித்தான் திரியும். நாங்கள் வேண்டுமென்று திரிக்கிறோம். நீங்கள் வேண்டாமலே திரிக்கிறீர்கள்."

ரதீசனுக்குச் சிரிப்பு வந்தது. அண்ணையைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

"மிஸ்டர் யோகா, அடுத்த வெள்ளி ஆண்டின் மிகக் குறுகிய பகல். எங்களுக்கு அது பெரிய நாள், குடும்பமாக இருந்து சாப்பிடும் நாள். அந்த அறுபது பேரில் பாதிப்பேருக்குக் குடும்பம் என்று அந்த மண்டபம்தான். அன்றும் பெட்டிப் பால் என்றால், நான் பெரிய தொழிற்சாலையிலேயே வாங்கிக்கொள்கிறேன். எல்லா நாளுக்கும். கோபத்தில் சொல்லவில்லை."

"விளங்குகிறது," என்றார் யோகராஜா.

அவர் போனதும் யோகராஜா தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "நாலு கடை விலகினாலும் பரவாயில்லை. தமிழன்ர கைக்குச் சோயாப் பால் வராது எண்டு ஒரு கதை வரக்கூடாது."

---

அவர் தேடாத இடம் இல்லை. முதல் வெள்ளி திரிந்தபோது கிடாரம் சரியாகக் கழுவப்படவில்லை என்று நினைத்துத் தானே இறங்கித் தேய்த்தார். இரண்டாம் வெள்ளிக்குப் புது மூட்டை உடைத்தார். அதே மூட்டைச் சோயா அவரை திங்களும் செவ்வாயும் நல்ல பால் தந்தது. மூன்றாம் வெள்ளிக்கு முன் தண்ணீர் வடிகட்டியை மாற்றினார், பிழி துணியைப் புதிதாக வாங்கினார். அரைக்கும் கல்லைக் கழற்றி மூக்கருகே வைத்து மணந்துகூடப் பார்த்தார். மணம் பிடிப்பதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. அவரை கெட்டால் பத்தடிக்கு அப்பால் நின்று சொல்லும் மூக்கு என்று லாவே சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை கிங்ஸ்பரியில் அவர்கள் வீட்டில் இராச் சாப்பாட்டுக்குப் புட்டும் மீன்குழம்பும். யோகராஜா புட்டைப் பிசைந்துகொண்டு மட்டும் இருந்தார்.

"சாப்பிடுங்கோவன். புட்டு என்ன பாவம் செய்தது?"

"சிவமலர், வியாழக்கிழமை நாங்கள் வேற என்ன செய்யிறம்? யோசிச்சுப் பாரும்."

"என்ன செய்யிறம்? மூண்டு மணிக்கு அவரை போடுறம். நாலு வாளி. நாலு மணிக்குக் கூட்டிக் கழுவிப் பூட்டுறம். எல்லா நாளும் செய்யிறதுதானே."

"வேற ஒண்டும் இல்லையோ?"

"வேற என்ன? தோசைக்கு மா கரைச்சு வைப்பன். அது எங்கட சாப்பாடு."

"அது கிடக்கட்டும்," என்றார்.

இரண்டு பேரும் அதைக் கிடக்க விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அவர்களுக்கு மீன் இறைச்சி இல்லாத மரக்கறி நாள். பால் அனுப்பிவிட்டு, பட்டறையின் சின்ன அடுப்பில் சிவமலர் தோசை சுடுவாள். பிழிந்த சோயாச் சக்கையில் வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டு வடை தட்டுவாள். மூன்று பேரும் சாப்பிட்டுவிட்டு வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலுக்குப் போவார்கள். சித்திரையிலிருந்து அப்படித்தான். நவம்பர் கடைசியில் குளிர் இறங்கியபோது ஒரு வெள்ளி மா புளிக்கவில்லை. தோசை கல்லில் ஒட்டிக்கொண்டு தடித்துக் கிடந்தது. "அக்கா, இதை என்ர கால் சப்பாத்துக்கு அடியில ஒட்டினா ரெண்டு வருசம் நிக்கும்," என்று ரதீசன் சொன்னான். அடுத்த வியாழனிலிருந்து சிவமலர் மா வாளியைப் பின்னறைத் தட்டில் வைத்து, அங்கிருந்த, அறையைச் சூடாக்கும் மின் கீற்றரை மெல்லிய சூட்டில் விட்டுவிட்டுப் போகத் தொடங்கினாள். மா பொங்கி மூடியைத் தூக்கியது. ரதீசன் வாயை மூடி எட்டுத் தோசை சாப்பிட்டான்.

யோகராஜாவுக்கும் அந்தக் கீற்றர் பிடித்திருந்தது. மற்ற நாட்களில் அதிகாலை பின்னறைக்குள் போய் அவரை வாளியில் கை வைத்தால் விரல் விறைக்கும். வெள்ளிக்கிழமை அறை வீடுபோல இருக்கும். கோட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாம். தோசை மாவின் புளித்த வாசம் மூக்கில் ஏறும்போது பசியும் வரும்.

ஞாயிற்றுக்கிழமை லாவுக்குப் போன் எடுத்தார். எண்பது வயதுக்காரர் நீளமாகக் கேட்டார், சுருக்கமாகச் சொன்னார்.

"அவரை, தண்ணீர், நேரம், நெருப்பு. நாலுதான். ஐந்தாவதாக வெள்ளிக்கிழமை என்று ஒன்று இல்லை. நாலில் எது மாறியது என்று பார்."

"நாலும் மாறவில்லை, மிஸ்டர் லாவ். சுவரில் நீங்கள் எழுதிய கடதாசிப்படிதான். அவரை ஊற, கோடையில் எட்டு மணித்தியாலம், மாரிக் குளிரில் பதினாலு."

"அப்படியென்றால் எனக்கும் தெரியாது," என்றார் லாவ். தெரியாது என்று அவர் சொல்லி யோகராஜா கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தக் கடதாசி பின்னறைச் சுவரில் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. மேலே சீன எழுத்து. கீழே இருபது வருடத்துக்கு முன்பு யோகராஜா பென்சிலால் எழுதிய தமிழ். நவம்பர் பிறந்ததும் பதினாலு மணித்தியாலம் என்பது பட்டறையின் சட்டம். மாலை மூன்றுக்குப் போட்டால் காலை ஐந்துக்கு அரைப்பு. குளிர்ந்த தண்ணீர் அவரைக்குள் மெல்லத்தான் இறங்கும். அவசரப்பட்டால் நடு ஊறாது, பால் இறங்காது.

திங்கள் பால் நன்றாக வந்தது. செவ்வாயும் புதனும் அப்படியே. வியாழன் காலை வந்த பால் அவ்வளவு நேர்த்தி, யோகராஜா ஒரு கோப்பையை ஊற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"நாளைக்கும் இப்பிடி வாவன்," என்று அதனிடமே சொன்னார்.

"அண்ணை பாலோட கதைக்கத் தொடங்கீட்டார்," என்றான் ரதீசன். "அக்கா, டொக்டரிட்ட ஒரு நேரம் எடுத்து வையுங்கோ."

"உனக்கும் சேத்து எடுக்கிறன். வாயைத் தைக்க."

---

வியாழக்கிழமை மாலை இரண்டரைக்கு மிசிஸ் ஷென் வந்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தொடக்கத்திலிருந்து பார்க்கப் போகிறேன்," என்றார். "என்னை மறந்துவிட்டு வேலை செய்யுங்கள்."

மறப்பது எளிதாக இல்லை. யோகராஜா அவரையை நிறுத்துப் போட்ட விதம் கல்யாண வீட்டில் அரிசி அளப்பதுபோல இருந்தது. நாலு வாளி. ஒவ்வொன்றிலும் அவரைக்கு மூன்று மடங்கு தண்ணீர். வாளிகள் பின்னறைச் சுவரோரம் வரிசையாக நின்றன. மிசிஸ் ஷென் ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். அவரை நல்ல அவரை. தண்ணீர் நல்ல தண்ணீர்.

பிறகு அவருடைய கண் சிவமலர் மேல் போனது. சிவமலர் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, இன்னொரு வாளிக்குள் கையை விட்டு எதையோ அடித்துக் கரைத்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன? டோஃபுவுக்கா?"

"இல்லை, இல்லை. இது எங்களுடைய காலைச் சாப்பாடு. தோசை. உழுந்து என்று ஒரு பருப்பு, அரிசி. இரண்டையும் ஊறவைத்து அரைத்து, கரைத்து வைப்பது."

"உங்கள் பருப்பையும் ஊறவைத்து அரைக்கிறீர்கள்." மிசிஸ் ஷென்னுக்கு அது பிடித்துப்போனது. முக்காலியை நகர்த்திக்கொண்டு கிட்டே வந்தார். "ஏன் கையால்? கரண்டி இல்லையா?"

"கையால் கரைத்தால்தான் நன்றாகப் புளிக்கும்."

"புளிக்க வேண்டுமா?"

"புளிக்காவிட்டால் தோசை இல்லை. சப்பாத்துத் தோல்தான். அந்தத் தம்பியிடம் கேளுங்கள்."

ரதீசன் தூரத்திலிருந்து கையைத் தூக்கி ஒத்துக்கொண்டான்.

"எவ்வளவு நேரம்?"

"எங்கள் ஊரில் வைத்தால் எட்டு மணித்தியாலத்தில் பொங்கிவிடும். இங்கே குளிர். இரண்டு நாள் வைத்தாலும் அப்படியே கிடக்கும். அதுக்காகத்தான் இந்தக் கீற்றரைப் போட்டுவிட்டுப் போகிறேன். அறை சூடாக இருந்தால், ஊறவைத்த பருப்பு எதுவும் விடிவதற்குள் நன்றாகப் புளித்து..."

சிவமலர் நிறுத்தினாள். கை மாவுக்குள் இருந்தது. கண் சுவரோரம் நின்ற நாலு வாளிகளில் இருந்தது.

மிசிஸ் ஷென் அவளுடைய பார்வை போன இடத்தைப் பார்த்தார். பிறகு கீற்றரைப் பார்த்தார்.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டாள் சிவமலர். "ஒருக்கா இஞ்ச வாங்கோ."

யோகராஜா வந்தார்.

"இந்தக் கீற்றர் நான் எப்ப தொடங்கிப் போடுறன்?"

"இப்ப ஒரு மூண்டு கிழமையா இருக்கும்."

"பால் எப்ப தொடங்கித் திரியுது?"

அவர் வெள்ளிகளை விரல்விட்டு எண்ணினார்.

"இல்லை," என்றார் பிறகு. "அப்பிடி எண்டா அவரை புளிச்சிருக்கும். புளிச்ச அவரை எனக்கு மணந்திருக்கும். என்ர மூக்குப் பொய் சொல்லாது."

"உங்களுக்கு மணந்தது. நீங்கள் தோசை மா எண்டு நினைச்சியள். நானும் அப்பிடித்தான் நினைச்சன். ஒரே அறையில ரெண்டும் புளிச்சா எந்த மணம் எதின்ர எண்டு அம்மனுக்கும் தெரியாது."

"நான் மூண்டு தண்ணியில கழுவுறன், சிவமலர்."

"ஊறுகாயைக் கழுவினா புளி போகுமோ? வெளியால கழுவுறியள். புளி உள்ளுக்க ஊறிப் போச்சு."

யோகராஜா சுவரில் இருந்த கடதாசியைப் பார்த்தார். மாரி, பதினாலு மணித்தியாலம். அது சரியான கணக்குத்தான். லாவின் பட்டறையில் மாரி என்றால் அறையும் மாரி. இந்த அறையில் மூன்று வியாழனாக வெளியே மாரி, உள்ளே யாழ்ப்பாணத்துச் சித்திரை. அந்தச் சூட்டில் ஐந்தாறு மணித்தியாலத்தில் ஊறி முடிந்துவிடும் அவரையை மாரிக் கணக்குப்படி பதினாலு மணித்தியாலம் தண்ணீரில் விட்டிருந்தார். இரவு ஒன்பது மணிக்கு ஊறி முடிந்த அவரை, விடியும்வரை வேறு வேலை இல்லாமல் புளித்துக்கொண்டிருந்தது. சோயாப் பாலை ஒரே சீராக வைத்திருப்பது அதன் புரதம். புளி ஏறிய பாலைச் சூடாக்கினால் அந்தப் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். மிசிஸ் ஷென் கோப்பையில் விடும் வினாகிரி செய்யும் வேலையை, இங்கே சோயா அவரையே தனக்குள் செய்துவைத்திருந்தது.

"நேரம் மாறேல்லை எண்டு லாவுக்குச் சொன்னன்," என்றார். "நேரம் மாறேல்லைத்தான்."

"இப்ப கீற்றரை நிப்பாட்டுவமோ?" என்று கேட்டான் ரதீசன்.

"நிப்பாட்டாத," என்றாள் சிவமலர். "நிப்பாட்டினா நாளைக்குப் பால் நல்லா வரும். ஆனா கீற்றராலதான் எண்டு எப்பிடித் தெரியும்? அடுத்த கிழமை வேற ஒண்டால திரிஞ்சா திரும்ப முதல்ல இருந்து தொடங்கோணும். நாலு வாளியையும் பட்டறை முன் மண்டபத்துக்குக் கொண்டுபோ. குளிரில நிக்கட்டும். ஒரு சின்ன வாளியில ரெண்டு சுண்டு அவரை போட்டு இஞ்ச மாவுக்குப் பக்கத்தில வை. அதே மூட்டை, அதே தண்ணி, அதே நேரம். காலமை ரெண்டையும் காய்ச்சிப் பாப்பம்."

யோகராஜா மனைவியைப் பார்த்தார். இருபத்தேழு வருடக் கல்யாணத்தில் அவர் அப்படிப் பார்த்த தருணங்கள் அதிகம் இல்லை.

"நீர் சொன்னது சரி," என்றார்.

ரதீசன் ஒவ்வொரு வாளியாகத் தூக்கினான். "இந்தச் சின்ன வாளிதான் பாவம்," என்றான் மூச்சிரைக்க. "சாகிறதுக்கெண்டே ஊறுது."

மிசிஸ் ஷென் எழுந்து கோட்டுப் பொத்தானைப் பூட்டினார். சிவமலரின் மாக் கையைப் பிடிக்க முடியாமல், முழங்கையைத் தொட்டுவிட்டுப் போனார்.

---

வெள்ளி காலை ஐந்து மணி. முன் மண்டபத்தில் வாளித் தண்ணீரின் சூடு பத்துப் பாகை. யோகராஜா ஒரு அவரையை எடுத்து நகத்தால் இரண்டாகப் பிளந்தார். உள்பக்கம் இரண்டு பாதியும் தட்டை. நடுவில் குழி இல்லை. ஊறல் சரியான அளவு.

பின்னறைக்குப் போனார். தோசை மா மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. சின்ன வாளியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு, மாவின் வாசம் எட்டாதபடி வெளியே வந்து, தெருவின் குளிரில் நின்று மணந்தார். இரண்டாம் தடவை மணக்க வேண்டியிருக்கவில்லை. மேலே சிறு நுரை. அவரையை அழுத்தினால் வழுவழுத்தது.

"என்ர மூக்கு பிழையில்லை," என்றார் உள்ளே வந்து. "வைச்ச இடம்தான் பிழை."

"நல்லது. மூக்கு பிழைச்சுது," என்றாள் சிவமலர்.

சின்ன வாளி அவரையைத் தனியாக அரைத்து, சின்னப் பானையில் காய்ச்சினார்கள். நுரை எழுந்தது, அடங்கியது, அடியில் குறுணி கண்டது. கொஞ்ச நேரத்தில் முழுவதும் திரிந்தது. ஒரு பால் திரிந்ததைப் பார்த்து மூன்று பேர் ஒன்றாகச் சிரித்தது அந்தப் பட்டறையில் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

பிறகு பெரிய கிடாரம். ஏமாற்று நுரை எழுந்தபோது யோகராஜா அகப்பையால் அடக்கினார். பத்து நிமிடம். நுரையை ஒதுக்கினார். கீழே வெள்ளைத் துணி விரித்ததுபோல ஒரே சீராகப் பால். அகப்பையைத் தூக்கி ஊற்றினார். கம்பிபோல இறங்கியது, அறுபடவே இல்லை.

"ஏத்து," என்றார் ரதீசனிடம்.

எட்டரைக்குத் தேவாலய மண்டபத்தில் அறுபது பேர். நீண்ட மேசைகளில் பொரித்த பலகாரம் குவிந்திருந்தது. மிசிஸ் ஷென் சில கோப்பைகளில் வினாகிரியும் இறாலும் போட்டுவைத்திருந்தார். அவர் கொதிக்கும் பாலை ஊற்றியதும் அது மேகம்போல மெல்லத் திரண்டது. வேண்டுமென்று திரித்த பால். மற்றக் கோப்பைகளில் சீனி மட்டும். யோகராஜா ஜிப்சம் பாத்திரத்தில் ஒரே ஊற்றாக ஊற்றிய டோஃபு, கரண்டி பட்டதும் நடுங்கியது. பெட்டிப் பால் வந்த வெள்ளிகளில் கோப்பைகள் பாதி நிறைந்தபடியே திரும்பினவாம். அன்று ரதீசன் எடுத்து அடுக்கிய கோப்பைகளில் அடி தெரிந்தது.

முன்வரிசையில் ஒரு மூதாட்டி கோப்பையைக் காலியாக்கிவிட்டுச் சீனத்தில் ஏதோ கேட்டார். மிசிஸ் ஷென் மூன்று பேரையும் கைகாட்டிப் பதில் சொன்னார். மூதாட்டி அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், பிறகு இன்னொன்று கேட்டார்.

"உங்கள் ஊரிலும் சோயா அவரை விளையுமா என்று கேட்கிறார்," என்றார் மிசிஸ் ஷென்.

"இல்லை," என்றார் யோகராஜா. "எங்கள் ஊரில் உழுந்து விளையும். ஊறவைத்து அரைக்கிற வேலை எங்களுக்குப் பழையது என்று சொல்லுங்கள்."

மிசிஸ் ஷென் சொன்னார். மூதாட்டி தலையாட்டி, கோப்பையை இன்னொரு தடவைக்கு நீட்டினார். யோகராஜாவே ஊற்றினார். ஊற்றும்போது தோளை நிமிர்த்தி நின்றார். ஒரு துளி மேசையில் விழவில்லை.

"அடுத்த வெள்ளியும் எட்டரைக்கு," என்றார் மிசிஸ் ஷென், வெற்றுத் தகரங்களைத் திருப்பித் தரும்போது. "எட்டு நாற்பது இல்லை."

பத்து மணிக்குப் பட்டறையில் தோசை. மா நன்றாகப் புளித்திருந்தது, ஓரம் மொறுமொறுத்தது. ரதீசன் ஒன்பதாவதை எடுத்துக்கொண்டு, "சின்ன வாளியின்ர நினைவா," என்றான். கோயிலுக்குப் புறப்படுமுன் யோகராஜா பின்னறைச் சுவரில் லாவின் கடதாசிக்குப் பக்கத்தில் புதுக் கடதாசி ஒட்டினார். லாவின் கடதாசியை எடுக்கவில்லை. சிவமலர் சொல்லச் சொல்ல அவர் எழுதினார், இந்த முறை பேனையால்:

"மாதத்தைப் பார்க்காமல் ஊறும் தண்ணீரின் சூட்டைப் பார்க்கவும். பத்துப் பாகை என்றால் பதினாலு மணித்தியாலம். இருபது என்றால் எட்டு. இருபத்தேழு என்றால் ஆறுக்கு மேல் விடக்கூடாது. அவரையைப் பிளந்து, உள்ளே தட்டையாக இருந்தால் உடனே அரைக்கவும். வியாழக்கிழமைகளில் தோசை மா கீற்றர் அறையில், சோயா முன் மண்டபத்தில்."